எஸ்எஸ்டியில் எக்ஸ்பியும் செவனும்: பழைய இயங்குதளங்கள் இரண்டின் ஒப்பாய்வு

நண்பர் ஒருவர் அச்சகங்களுக்கு டிடிபி வேலை செய்து தருகிறார். அவர் அறையில் இரண்டு கணினிகள். ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், பல வருடக் கோப்புகள் எல்லாம் அதில்தான். மற்றொன்றில் விண்டோஸ் 7. ஸ்டிக்கர் வெட்டும் கட்டிங் பிளாட்டர் அதோடு மட்டும்தான் பேசும். இரண்டின் வன்தட்டுகளும் ஒரே வருடத்தில் கண்ணை மூடின. இரண்டாவது கணினியின் மதர்போர்டும் சேர்ந்து போனது. இரண்டுக்கும் எஸ்எஸ்டி வாங்கி ஓஎஸ் போட்டுத் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

எக்ஸ்பி சொன்ன பேச்சு கேட்டது. நிறுவும்போது அது காட்டுகிற ‘இன்னும் 39 நிமிடங்கள்’ என்ற அறிவிப்பு பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். வன்தட்டில் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டியில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7 இரண்டு நாள் படுத்தி எடுத்தது. மூன்றாம் நாள்தான் முகப்புத்திரை வந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்து “கணினி திக்குதுங்க, ஃபைல் சேமிச்சா நின்னு நின்னு போகுது” என்று நண்பர் கூப்பிட்டது எக்ஸ்பிக்காக.

ஏறும்போது முரண்டு பிடித்தது ஒன்று. ஏறியபின் சத்தமில்லாமல் கெட்டது இன்னொன்று. ‘பழைய ஓஎஸ்’ என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு உலகம். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, எதை எதில் எப்படிப் போடலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

காலம் வைத்த இடம்

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபர் 22 அன்று. இடையில் எட்டு ஆண்டுகள். இந்த எட்டு ஆண்டுக்குள்தான் சேமிப்பகத்தின் கதை திரும்பியது. சாதாரணக் கணினிக்கு எஸ்எஸ்டி பொருந்தும் என்று பலரை நம்பவைத்த இன்டெல் எக்ஸ்25-எம் 2008 செப்டம்பரில் வந்தது. சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ தரத்தின் முதல் வடிவம் 2011 மார்ச்சில் வெளியானது.

இந்த நான்கு தேதிகளையும் ஒரு கோட்டில் வைத்தால் ஒப்பாய்வின் பாதி முடிந்துவிடும். எக்ஸ்பியை எழுதியவர்கள் சுழலும் வட்டைத் தவிர வேறெதையும் மனதில் வைத்து எழுதவில்லை. விண்டோஸ் 7ஐ எழுதியவர்கள் முதல் தலைமுறை எஸ்எஸ்டியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அடுத்த தலைமுறை என்விஎம்இ அவர்கள் கண்ணில் படவில்லை. எக்ஸ்பிக்கு எஸ்எஸ்டியே தெரியாது. செவனுக்குப் பாதி தெரியும். எல்லாச் சிக்கலும் இந்தத் ‘தெரியாது’க்கும் ‘பாதி தெரியும்’க்கும் நடுவில்தான்.

பந்தியும் இலையும்

ஒப்பிடுவதற்கு முன் எஸ்எஸ்டி எப்படி எழுதுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு இலை தனித்தனியாகப் பரிமாறலாம். ஆனால் ஒருவர் உண்டு எழுந்ததும் அவர் இலையை மட்டும் எடுத்து, அதே இடத்தில் புது இலை போடுவதில்லை. வரிசை முழுவதும் எழுந்த பிறகுதான் இலைகளைச் சுருட்டி, மேசையைத் துடைத்து, அடுத்த பந்திக்கு இலை போடுவார்கள்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் சில்லும் அப்படித்தான். எழுதுவது ‘பேஜ்’ அளவில், அது இலை. அழிப்பது, பேஜ்கள் பல அடங்கிய ‘பிளாக்’ அளவில், அது பந்தி. ஒருமுறை எழுதிய பேஜின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் புதிய தரவு வேறொரு காலி இலைக்குப் போகும். பழைய இலை எச்சிலாகக் கிடக்கும்.

பந்தியில் பாதிப் பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இடம் தேவைப்பட்டால்? அவர்களை வேறு பந்திக்கு மாற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் இந்த வரிசையை எடுக்க முடியும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு நாள் முழுதும் இந்த இடமாற்ற வேலைதான். நாம் ஒரு மடங்கு எழுதச் சொன்னால் அது உள்ளே இரண்டு, மூன்று மடங்கு எழுத நேர்வது இதனால்தான். இயங்குதளம் ஒத்துழைத்தால் இந்த இடமாற்றம் குறையும்; ஒத்துழைக்காவிட்டால் பெருகும். எக்ஸ்பிக்கும் செவனுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பந்தியில் வைத்தே அளக்கலாம்.

முதல் அளவுகோல்: வாசல்

நிறுவும் மென்பொருளுக்கு வட்டு கண்ணில் படுகிறதா? முதல் கேள்வி இது.

எக்ஸ்பியின் குறுந்தகட்டில் ஏஹெச்சிஐ முறைக்கு டிரைவர் கிடையாது. இன்றைய சாட்டா எஸ்எஸ்டிகளை மதர்போர்டுகள் இயல்பாக இந்த முறையில்தான் காட்டும். அதனால் எக்ஸ்பி ஒன்று ‘வன்தட்டு எதுவும் இல்லை’ என்று கைவிரிக்கும். அல்லது நீலத்திரையில் 0x0000007B என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். பூட் ஆகவேண்டிய வட்டை அணுக முடியவில்லை என்பது அந்த எண்ணின் பொருள். அந்தக் காலத்து வைத்தியம், தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரை ஏற்றுவது. ஃபிளாப்பி டிரைவே இல்லாத இன்று, என்லைட் போன்ற மென்பொருளால் டிரைவரைக் குறுந்தகட்டுக்குள்ளேயே சேர்த்துப் புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் வேண்டாம் என்பவர்கள் பயாஸுக்குள் போய் சாட்டா முறையை ‘ஐடிஇ’ என்று மாற்றுவார்கள். எஸ்எஸ்டி உடனே பழைய ஐடிஇ வட்டு வேடம் போட்டுக்கொள்ளும். எக்ஸ்பி சந்தேகமே படாமல் ஏறிவிடும். நான் செய்ததும் இதைத்தான். ஆனால் அண்மைக்கால மதர்போர்டுகள் பலவற்றில் இந்த வேடத்துக்கே இடமில்லை.

எக்ஸ்பிக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. சர்வீஸ் பேக் 1க்கு முந்தைய குறுந்தகடு 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி அதற்கு இருட்டு. ஆகவே சர்வீஸ் பேக் 3 சேர்ந்த குறுந்தகடுதான் வேண்டும். வழக்கமான 32 பிட் எக்ஸ்பி ஜிபிடி வகைப் பகுப்பிலிருந்தோ யூஇஎஃப்ஐ முறையிலோ பூட் ஆகாது. பழைய எம்பிஆர் பகுப்பும் பழைய பயாஸ் முறையும் கட்டாயம்.

விண்டோஸ் 7க்கு சாட்டா எஸ்எஸ்டி வாசல் அகலத் திறந்திருக்கிறது. ஏஹெச்சிஐ டிரைவர் அதோடேயே வருகிறது. 64 பிட் பதிப்பு ஜிபிடி, யூஇஎஃப்ஐ இரண்டையும் ஏற்கும். 2012 சுற்றுவட்ட மதர்போர்டில் சாட்டா எஸ்எஸ்டியை மாட்டி செவனைப் போட்டால் ஒரு பொத்தான்கூடக் கூடுதலாக அழுத்த வேண்டியதில்லை.

செவன் திணறுவது அடுத்த வாசலில். எம்.2 இணைப்பில் உட்காரும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அதனிடம் டிரைவர் இல்லை; நண்பரின் புது மதர்போர்டில் நான் மாட்டியது அதைத்தான். கேபி2990941, கேபி3087873 என்ற இரண்டு ஹாட்ஃபிக்ஸ்களை மைக்ரோசாஃப்ட் பின்னால் தந்தது. அவற்றை நிறுவும் ஊடகத்தின் பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற இரண்டு கோப்புகளுக்குள்ளும் டிஸ்ம் கட்டளையால் சேர்க்க வேண்டும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்து மற்றதை விட்டால், வட்டைக் கண்டுபிடிக்கும், ஆனால் ஏறியபின் பூட் ஆகாது.

இதற்கு முன்பே இன்னொரு தடை. 2015இல் வந்த இன்டெல் 100 வரிசை சிப்செட்டில் யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். எல்லா யூஎஸ்பி துளைகளும் 3.0 கன்ட்ரோலரின் கீழ் போய்விட்டன; அதற்கும் செவனிடம் டிரைவர் இல்லை. மொழி தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே மௌஸ் நகராது, விசைப்பலகை எழுதாது. யூஎஸ்பி அல்லாத வேறொரு விசைப்பலகையால் தாண்டிப் போனால் ‘தேவையான சிடி அல்லது டிவிடி டிரைவரைக் காணோம்’ என்று ஒரு செய்தி வரும். நாம் பென் டிரைவிலிருந்து நிறுவிக்கொண்டிருப்போம். கணினியில் டிவிடி டிரைவே இருக்காது. காணாமல் போனது யூஎஸ்பி டிரைவர். செய்தியை நம்பித் தேடுபவருக்கு அரை நாள் போய்விடும். எனக்குப் போனது.

யூஇஎஃப்ஐயிலும் ஒரு முடிச்சு உண்டு. செவனின் காட்சித் தொடக்கம் பழைய பயாஸின் வீடியோ சேவையை நம்பியிருக்கிறது. சிஎஸ்எம் என்ற பழைமை ஒத்திசைவு வசதியை அணைத்திருந்தால் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ திரையோடு உறைந்துவிடும். செக்யூர் பூட்டும் அதற்கு ஒத்துவராது.

வாசலைப் பொறுத்தவரை முடிவு: சாட்டா எஸ்எஸ்டியில் செவனுக்குத் தடையே இல்லை, எக்ஸ்பிக்குச் சில தடைகள். என்விஎம்இயில் செவனுக்குத் தடைகள் பல, எக்ஸ்பிக்கோ அதிகாரப்பூர்வமான வழியே கிடையாது. ஆர்வலர்கள் திறமூல டிரைவரை எக்ஸ்பிக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். வித்தையாகப் பார்க்கலாம், தொழில் நடக்கும் கணினியில் வைக்கக் கூடாது.

இரண்டாம் அளவுகோல்: கோடு

வாசல் தடைகள் எல்லாம் சத்தம் போடுபவை. நீலத்திரை வரும், வட்டு தெரியாது, மௌஸ் நகராது. வேலை செய்பவர் எப்படியாவது தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இனி வருவது சத்தம் போடாதது.

எக்ஸ்பி ஒரு பார்ட்டிஷனை உருவாக்கும்போது வட்டின் 63ஆம் செக்டரில் தொடங்கும். ஏன் 63? பழைய வட்டு முகவரி முறையில் ஒரு வட்டத்தடத்துக்கு அதிகபட்சம் 63 செக்டர்கள். முதல் தடத்தை எம்பிஆருக்கு ஒதுக்கிவிட்டு அடுத்த தடத்தின் தலையில் பார்ட்டிஷனைத் தொடங்குவது வழக்கம். எஸ்எஸ்டியில் தடம் இல்லை, வட்டமும் இல்லை. ஆனாலும் எக்ஸ்பி இல்லாத தடத்தை எண்ணிக் கோடு போடுகிறது.

கணக்குப் பார்ப்போம். 63 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். மொத்தம் 32,256 பைட். எஸ்எஸ்டி கன்ட்ரோலர்கள் பொதுவாக 4,096 பைட் அலகுகளாகக் கணக்கு வைக்கின்றன. 32,256ஐ 4,096ஆல் வகுத்தால் 7.875. எட்டாவது இலையின் கடைசி அரைக்கால் பங்கில் பார்ட்டிஷன் தொடங்குகிறது. என்டிஎஃப்எஸ் வைக்கும் ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் 512 பைட்டை ஓர் இலையிலும் மீதி 3,584 பைட்டை அடுத்த இலையிலுமாகப் பரப்பிக்கொண்டு உட்காரும். பந்தியில் முதல் ஆள் அரைக்கால் இலை தள்ளி உட்கார்ந்துவிட்டார். அவரை அடுத்து உட்காரும் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு இலை தேவைப்படுகிறது. ஒரு கிளஸ்டரை மாற்ற இரண்டு அலகுகளைப் படித்து, திருத்தி, இரண்டையும் புது இடத்தில் எழுத வேண்டும்.

விண்டோஸ் 7 தன் முதல் பார்ட்டிஷனை 2,048ஆம் செக்டரில் தொடங்கும். 1,048,576 பைட்; சரியாக ஒரு மெகாபைட். 4,096ஆல் வகுத்தால் 256, மீதம் இல்லை. ஓர் ஆளுக்கு ஓர் இலை. இந்த வழக்கம் விஸ்டாவில் தொடங்கியது. செவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கோடு யார் போட்டது என்பதுதான். யார் குடியிருக்கிறார் என்பது அல்ல. விண்டோஸ் 7இன் டிவிடியாலோ லினக்ஸின் ஜிபார்ட்டெட் மென்பொருளாலோ முதலில் பார்ட்டிஷனை உருவாக்கிவிட்டு, அதற்குள் எக்ஸ்பியை நிறுவினால் எக்ஸ்பி அந்தக் கோட்டை மாற்றாது. ஃபார்மேட் அடித்துக்கொண்டு அடக்கமாகக் குடியேறும். எதிர்ப்பக்கமும் உண்மை. எக்ஸ்பி இருந்த பழைய பார்ட்டிஷனை அழிக்காமல் அதன்மேலேயே செவனைப் போட்டவர்களும், பழைய வன்தட்டை அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுத்தவர்களும் 63ஆம் செக்டரைக் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பார்த்தறிவது எளிது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டி, சேமிப்பகப் பிரிவில் வட்டுகள் பகுதியைத் திறந்தால் பார்ட்டிஷன் தொடங்கும் இடம் பைட்டில் இருக்கும். நண்பரின் கணினியில் நான் பார்த்த எண் 32,256. எட்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எந்தத் திரையும் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றாம் அளவுகோல்: தகவல்

கோப்பை அழித்தால் இயங்குதளம் உண்மையில் தரவை அழிப்பதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. வன்தட்டுக்கு அது போதும். எஸ்எஸ்டிக்குப் போதாது. ஆள் எழுந்து போனதைப் பந்தியில் நிற்பவரிடம் யாராவது சொன்னால்தான் அவர் இலையை எடுப்பார். சொல்லாவிட்டால், ஆளில்லாத இலையையும் பத்திரமாக அடுத்த பந்திக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்தத் தகவலைச் சொல்லும் கட்டளைக்கு ட்ரிம் என்று பெயர். விண்டோஸ் 7இல் அது உள்ளேயே இருக்கிறது. கோப்பு அழிந்தவுடன் சாட்டா எஸ்எஸ்டிக்குச் செய்தி போய்விடும். எக்ஸ்பியில் ட்ரிம் கிடையாது. பல மாதம் எழுதி எழுதி அழித்தபின், எக்ஸ்பி கணக்கில் பாதி வட்டு காலியாகவும் எஸ்எஸ்டி கணக்கில் முழு வட்டு நிரம்பியும் இருக்கும். நண்பரின் கணினி ‘நின்று நின்று’ போனதற்குக் காரணம் இதுவும் கோணல் கோடும் சேர்ந்ததுதான்.

செவனை இங்கே தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. அதன் ட்ரிம் ஏடிஏ வகை வட்டுகளுக்காக எழுதப்பட்டது. மற்ற வகை வட்டுகளுக்கும் அழிப்புச் செய்தியை முறையாகக் கொண்டுசெல்லும் ஏற்பாடு விண்டோஸ் 8இல்தான் வந்தது. ஹாட்ஃபிக்ஸ் போட்டு என்விஎம்இயில் ஏற்றிய செவனில், ட்ரிம் இயங்குகிறதா என்று எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் கேட்டால் ‘0’ என்று விடை வரும், அதாவது ‘அணைக்கப்படவில்லை’. கோப்பு முறைமை செய்தியை அனுப்பத் தயாராக இருக்கிறது என்பதற்குமேல் அந்த விடைக்குப் பொருளில்லை. செய்தி வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு நாள் போராடி நான் ஏற்றிய செவனிலும் ஒரு மௌனப் பிழை ஒளிந்துகொண்டிருந்தது. என்விஎம்இயின் கன்ட்ரோலர் வலுவானது, வட்டில் காலியிடமும் நிறைய. அதனால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் அளவுகோல்: பழக்கம்

சுழலும் வட்டில் படிமுனை இங்குமங்கும் ஓடுவதுதான் பெரிய செலவு. எக்ஸ்பியின் பழக்கங்கள் அதை மிச்சப்படுத்தவே அமைந்தவை. பூட் கோப்புகளை அருகருகே அடுக்க, கணினி சும்மா இருக்கும் வேளை பார்த்து மூன்று நாளைக்கு ஒருமுறை அது இடம் மாற்றிவைக்கும். ஒரு கோப்பை வெறுமனே படித்தாலும் ‘கடைசியாகத் தொட்ட நேரம்’ என்று எழுதிவைக்கும். எஸ்எஸ்டிக்குப் படிமுனையே இல்லை. இவை எல்லாம் பயனில்லாத எழுத்து.

செவன், வட்டு தன்னை எஸ்எஸ்டி என்று அறிவித்துக்கொண்டால் அதற்கான டிஃப்ராக் அட்டவணையை நிறுத்திவிடுகிறது. கடைசியாகத் தொட்ட நேரத்தை எழுதும் வழக்கம் விஸ்டாவிலேயே இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்பியில் இவற்றை நாமே கைவைத்து அணைக்க வேண்டும்.

தேய்மானமா, வேகமா?

‘பழைய ஓஎஸ் போட்டால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்’ என்பது பரவலான பயம். இதைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டோம். சாம்சங் 860 ஈவோ 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு உற்பத்தியாளர் தந்த எழுதும் உத்தரவாதம் 150 டெராபைட். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் இருபது ஆண்டு தாங்கும். டிடிபி அறையில் அவ்வளவு எழுத்து கிடையாது. கோணல் கோட்டால் உள்ளெழுத்து இரட்டித்தாலும் பத்து ஆண்டு ஓடும். எக்ஸ்பி எஸ்எஸ்டியைக் கொல்வதில்லை; திக்கவைக்கிறது.

வேகம் பற்றிய ஆசையும் மிகைதான். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட்டுக்குக் கிட்டப் படிக்கும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வழியில் ஓடும் என்விஎம்இ 3,500 மெகாபைட்வரை போகும். ஏஹெச்சிஐயில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்விஎம்இயில் அறுபத்தைந்தாயிரம் வரிசைகள்வரை உண்டு. ஏட்டில் இது பெரிய இடைவெளி. ஆனால் செவன் காலத்து கட்டிங் மென்பொருளும் எக்ஸ்பி காலத்து பேஜ்மேக்கரும் அந்த வரிசைகளில் ஒன்றைக்கூட நிரப்பாது. வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவது மாட்டுவண்டியிலிருந்து காருக்கு மாறுவது. அங்கிருந்து என்விஎம்இக்குப் போவது அதே தெருவில் இன்னும் பெரிய கார் ஓட்டுவது. அதற்காக இரண்டு நாளைச் செலவழித்தது என் பிழை.

வலைப் பக்கம்

சேமிப்பகம் தவிர்த்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும் செவனுக்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. பணம் கட்டியவர்களுக்குச் செவனின் பாதுகாப்பு இணைப்புகள் 2023 ஜனவரிவரை கிடைத்தன. இதை வைத்து ‘செவன் கொஞ்சம் பாதுகாப்பு’ என்று நினைக்க வேண்டாம். 2017 மே மாதத்து வானாக்ரை தாக்குதலில் சிக்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான இணைப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் போடாதவர்கள் அகப்பட்டார்கள். புது எஸ்எஸ்டி தரும் வேகத்தில் பழைய கணினி புதுசுபோலத் தோன்றும். அந்த மயக்கத்தில் இணைய வயரைச் செருகிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

தீர்ப்பு

நான்கு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவு. எக்ஸ்பிக்கு சாட்டா எஸ்எஸ்டி அந்நிய வீடு. செய்ய வேண்டியதை எல்லாம் வெளியிலிருந்து நாம் செய்து கொடுத்தால்தான் குடியிருக்கும். செவனுக்கு சாட்டா எஸ்எஸ்டி சொந்த வீடு. என்விஎம்இ, சாவி இரவல் வாங்கித் திறக்கும் வாடகை வீடு. ஆகவே செவனை சாட்டாவில் ஏஹெச்சிஐ முறையில் போடுங்கள், அதோடு நிறுத்துங்கள். என்விஎம்இ வட்டுதான் கையில் இருக்கிறது என்றால் அதை இயல்பாக ஏற்கும் விண்டோஸ் 8.1க்குப் பிந்தைய இயங்குதளத்தைப் போட்டு, பழைய மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது மேல்.

எக்ஸ்பி இல்லாமல் நடக்காது என்றால், நண்பருக்கு இரண்டாம் முறை நான் செய்த வரிசை இது. கோப்புகளைப் பத்திரப்படுத்தி, செக்யூர் எரேஸ் கட்டளையால் எஸ்எஸ்டியின் எல்லா இலைகளையும் ஒரேயடியாகக் காலியாக்கினேன். ஜிபார்ட்டெட்டில் ஒரு மெகாபைட் கோட்டில் பார்ட்டிஷனைத் தொடங்கி, கடைசியில் ஆறில் ஒரு பங்கு இடத்தைப் பார்ட்டிஷனே இல்லாமல் வெறுமையாக விட்டேன். ட்ரிம் இல்லாத குறைக்கு கன்ட்ரோலர் இடமாற்றம் செய்துகொள்ள அந்த இடம் உதவும். பிறகு சர்வீஸ் பேக் 3 குறுந்தகடு, டிஃப்ராக் அணைப்பு, கடைசியாகத் தொட்ட நேரம் எழுதுவதற்கு அணைப்பு. இன்டெல் போன்ற நிறுவனங்கள் தம் எஸ்எஸ்டிகளுக்கு எக்ஸ்பியிலும் ஓடும் டூல்பாக்ஸ் மென்பொருள் தந்திருந்தன; அது கிடைத்தால் ட்ரிம் வேலையை அவ்வப்போது கையால் செய்துகொள்ளலாம். இணைய வயரைக் கழற்றிவைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கணினி திக்கவில்லை.

ஏறாத ஓஎஸ்ஸை ஏற்றிக் காட்டுவதைத்தான் நம் ஊரில் திறமை என்கிறோம். அது பாதித் திறமை. சத்தம் போடும் பிழையை யாரும் விட்டுவைப்பதில்லை. ஏறியபின் சத்தமே போடாத பிழையைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. உங்கள் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டுத் தந்தவர் எழுந்து போகுமுன் ஒரே ஒரு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்: பார்ட்டிஷன் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது? அது 4,096ஆல் மீதமின்றி வகுபட்டால் காசைக் கொடுங்கள். 32,256 என்று இருந்தால் மறுபடி உட்காரச் சொல்லுங்கள்.